வீட்டில் சொல்லாமல் கிளம்பியவர்கள்

காஞ்சிபுரத்துத் தல வரலாறுகளைப் பக்தியோடு படித்தால் புண்ணியம். குடும்ப நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் படித்தால் அவருக்கு வேறு ஒன்று கண்ணில் படும். பாதிக் கோயில்களுக்கு அடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை இருக்கிறது. பாதிச் சண்டைக்கு அடியில் வீட்டில் சொல்லாமல் கிளம்பிப்போன ஒரு புருஷன் இருக்கிறான்.

பிரம்மாவிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர் அவர்தானே. லட்சுமி பெரியவளா, நான் பெரியவளா என்று சரஸ்வதி கேட்டாளாம். நாலு வாய் வைத்திருந்தும் ஒன்றில்கூட மனுஷருக்குச் சரியான பதில் வரவில்லை. அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சமாதானம் பேசப் போகவேண்டியவர், காஞ்சிபுரத்துக்கு வந்து யாகம் வைத்துவிட்டார். யாகத்தில் பக்கத்தில் பத்தினி உட்கார வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் சாவித்திரியை உட்கார்த்தி வைத்தார். இந்தச் சேதியைச் சரஸ்வதிக்கு யார் கொண்டுபோயிருப்பார்கள் என்று கேட்காதீர்கள். நாரதர் தீவிர உத்தியோகத்தில் இருந்த காலம் அது.

நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில் பாத்திரம் பறக்கும். அங்கே கோயில்கள் பறந்தன. அம்மாள் முதலில் விளக்கை அணைத்தாள், உலகமே இருட்டு. பெருமாள் வந்து விளக்காக நின்றார். அதுதான் தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயில். அடுத்து அசுரர்களையும் ஆயுதங்களையும் ஏவினாள். எட்டுக் கை வைத்துக்கொண்டு தடுத்தார், அட்டபுயகரம். கடைசியில் தானே வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து யாகத்தைக் கரைக்க வந்தாள். பெருமாளுக்கு யோசனை தீர்ந்துபோயிருக்க வேண்டும், குறுக்கே அணையாகப் படுத்துவிட்டார். அது திருவெஃகா. காஞ்சியின் பதினான்கு திவ்யதேசங்களில் மூன்று, யாரோ ஒரு வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணப் போய்க் கிடைத்தவை. சமாதானம் பண்ண வந்தவருக்குக் கடைசியில் படுக்கைதான் மிச்சம் என்பதைப் பஞ்சாயத்து பண்ணிப் பழகியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஏகாம்பரநாதர் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். விளையாட்டாகப் பின்னால் வந்து புருஷன் கண்ணைப் பொத்தினாள் அம்பாள். அதற்குத் தண்டனை, பூமியில் தவம். மாமரத்தடியில் மணலில் லிங்கம் பிடித்து வைத்தாள். ஆற்றில் வெள்ளம் வந்ததும் அந்த மணலைக் கட்டிக்கொண்டாள். வளைத் தழும்பு இன்னும் இருக்கிறது என்கிறார்கள். அதற்கப்புறம் பங்குனி உத்திரத்தில் மறுபடியும் கல்யாணம். சும்மா சொல்லக்கூடாது, இருநாழி நெல்லை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறமும் செய்தவள் காமாட்சி. அவர் பங்குக்குக் கொண்டுவந்து கொடுக்கக்கூடியது பிச்சைப் பாத்திரம்தான். அந்த இருநாழிக்கு வரவு செலவு எழுதியவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி ஓரிக்கைக்கு வருவோம்.

திருவெஃகாவில் திருமழிசை ஆழ்வார் தங்கியிருந்தார். கூடவே சீடன் கணிகண்ணன். ஒரு கிழவி தினமும் வந்து அந்த இடத்தைப் பெருக்கி, மெழுகி, கோலம் போட்டுவிட்டுப் போவாள். ஆழ்வார் மனமிரங்கி என்ன வேண்டும் என்று கேட்டார். மோட்சம் கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். கிழவி விவரமானவள். "குனிஞ்சு பெருக்க முடியல சாமி, இந்த வயசைக் கொஞ்சம் எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே அவள் குமரி.

பல்லவ ராஜா பார்த்தான், மயங்கினான், கட்டிக்கொண்டான். வயது என்ன, ஊர் எது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. ஜாதகம் பார்க்காமல் செய்த கல்யாணம். முதல் பத்து வருஷம் ராஜாவுக்கு ஒரே பெருமை. அதற்கப்புறம் கண்ணாடி பேச ஆரம்பித்தது. இவனுக்கு முன்வழுக்கை, தொந்தி, இருமல். அவள் மட்டும் மாலை மாற்றிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறாள். திருவிழாவுக்கு ஜோடியாகப் போய் நின்றால், வெளிநாட்டுத் தூதன் எவனாவது "இளவரசிக்கு வரன் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுத் தொலைத்திருப்பான். உண்மையில் அவள் இவனைவிட நாற்பது வயதாவது மூத்தவள் என்பதுதான் இதில் வேடிக்கை. அரண்மனையில் எதிர்த்துப் பேசாத ஒரே பெண்டாட்டி என்று அவளைச் சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை வாழ்ந்து முடித்தவளுக்குப் பேச என்ன இருக்கிறது?

ராத்திரியெல்லாம் நச்சரித்து ரகசியத்தைப் பிடுங்கினான். "ஆழ்வார் கொடுத்த வரம், அவர் வேண்டுமானால் அரிசி வாங்க வரும் சீடனைப் பிடி" என்றாள். கணிகண்ணனைப் பிடித்தான். "உன் குருவைக் கூட்டிவா." வரமாட்டார். "அப்படியானால் நீ என்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாடு." மனுஷனைப் பாடமாட்டேன். "நாட்டைவிட்டுப் போ."

கணிகண்ணன் குருவிடம் வந்து சொன்னான். குரு நேராகக் கருவறைக்குப் போய், சீடன் போகிறான், நானும் போகிறேன், நீயும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்று பெருமாளிடம் பாட்டாகச் சொல்லிவிட்டார். பெருமாள் எழுந்தார், ஆதிசேஷனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார், கிளம்பினார். ஆதிசேஷனுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அது கிடக்கட்டும். காலகாலமாகக் கூடவே இருக்கும் கோமளவல்லித் தாயாரிடம் "இதோ வந்துடறேன்" என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். எந்தப் புராணிகரும் அப்படி ஒரு வரி சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று ஆண்பிள்ளைகளும் நடந்து பாலாற்றங்கரைக்கு வந்து அன்றிரவு தங்கினார்கள். ஓர் இரவு இருந்ததால் ஓரிருக்கை, அது தேய்ந்து ஓரிக்கை. திருவெஃகாவிலிருந்து இங்கே மிஞ்சிப்போனால் ஒரு மணி நேர நடை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் ஆண்பிள்ளை எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இதுதான் காஞ்சிபுரத்து அளவு. காலைக் காபிக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்.

பெருமாள் போனதும் ஊர் இருண்டது, மற்ற தெய்வங்களும் மூட்டை கட்டின. ராஜா ஓடிவந்து காலில் விழுந்தான். ஆழ்வார் பாட்டைத் திருப்பிப் பாடினார், எல்லோரும் திரும்பினார்கள். திரும்பி வந்த பெருமாள் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்துக்கொண்டார். மற்ற ஊர்களில் சயனித்திருப்பதற்கு நேர்மாறாகத்தான் இன்றைக்கும் சேவை. அடியார் சொல்லைக் கேட்டதற்கு அடையாளம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். குடும்பஸ்தர்களுக்கு இன்னொரு காரணம் தோன்றும். சொல்லாமல் ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்தவன் பெண்டாட்டி பக்கம் முகத்தை வைத்துப் படுக்கமாட்டான். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர் வேறு. சிநேகிதர் சொன்ன வண்ணம்! வீட்டில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று நூற்றெட்டு திவ்யதேசத்திலும் ஒருத்தர் கிடையாது.

ராணி என்ன ஆனாள்? அதற்கப்புறம் அவள் பேச்சே இல்லை. கிழவியின் அனுபவத்தோடும் குமரியின் முழங்காலோடும் எங்கோ நிம்மதியாக இருந்திருப்பாள்.

இவையெல்லாம் தேவர் கதை. மனுஷக் கதைக்கு, ஓரிக்கைக்குப் பக்கத்துச் செவிலிமேட்டுச் சாலைக்கிணறு வரை நடந்தால் போதும். வாலிப ராமானுஜரை அவருடைய குரு யாதவப் பிரகாசரின் கோஷ்டி விந்தியக் காட்டில் தீர்த்துக்கட்டப் பார்த்தது. தப்பித்துத் தனியாக நின்றவருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். விடிந்தால் இந்தக் கிணற்றடி. வேடுவச்சிக்குத் தாகம். ராமானுஜர் கிணற்றில் இறங்கிக் கையில் மூன்று தரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், நாலாவது தரம் வந்து பார்த்தால் இருவரையும் காணோம். வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும். அன்றிலிருந்து தினமும் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தீர்த்தம் சுமந்துபோய்ப் பெருமாளுக்குக் கொடுப்பது ராமானுஜரின் கைங்கர்யம்.

இதே சமயத்தில் அவர் வீட்டுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தவள் பெயர் தஞ்சம்மாள்.

குருபரம்பரைக் கதைகளில் அவள் மேல் மூன்று குற்றச்சாட்டு. ஒன்று, தான் குருவாக மதித்த திருக்கச்சி நம்பியை ராமானுஜர் விருந்துக்கு அழைத்தார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட வேண்டும் என்று ஆசை. நம்பி, இவர் இல்லாத நேரம் பார்த்து வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். தஞ்சம்மாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, தலை முழுகிவிட்டு, புருஷனுக்குப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நம்பி வேறு ஜாதி. செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாவும் பாட்டியும் அக்ரகாரமும் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள். வீட்டுக்காரர் இதற்கிடையில் புரட்சிக்காரராக மாறிவிட்ட தகவலை அடுக்களைக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இரண்டு, பசித்து வந்தவருக்கு ஒன்றுமில்லை என்றாள்; ராமானுஜர் உள்ளே போய்ப் பார்த்தால் சோறு இருந்தது. புருஷன்மார் அடுக்களைக்குள் புகுந்து மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஆயிரம் வருஷச் சரித்திரம் இருக்கிறது. மூன்று, வீட்டில் குடியிருந்த ஆசாரியர் பெரிய நம்பியின் மனைவியோடு கிணற்றடிச் சண்டை. அவர் குடத்துத் தண்ணீர் இவள் குடத்தில் தெறித்துவிட்டது. ஒரே கிணறு, ஒரே வீடு, இரண்டு குடும்பம், ஆறு மாசம். எந்தக் காம்பவுண்டு வீட்டில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஆறு மாசம் தாங்கியதே பெரிது என்பார்கள். பெரிய நம்பி யாரிடமும் சொல்லாமல் மனைவியோடு ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒரு வித்தியாசம், அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ராமானுஜர் செய்ததைக் கேளுங்கள். மாமனார் எழுதுவது போல ஒரு கடிதம் எழுதினார். வீட்டில் கல்யாணம், பெண்ணை அனுப்பிவைக்கவும். அதோடு ஒரு புதுப் புடவை. அதன் கரை என்ன, முந்தி என்ன என்று எழுத எந்த ஆசாரியருக்கும் தோன்றவில்லை. காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு அதுவல்லவா முதல் கேள்வி? தஞ்சம்மாள் சந்தோஷமாகக் கிளம்பினாள். "நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்." அவள் தெருமுனை திரும்பியதும் இவர் வரதர் கோயில் அனந்தசரஸ் குளத்தில் முழுகிக் காவி உடுத்திவிட்டார். வரதர் "எதிராசரே" என்று அழைத்தாராம். பொய்க் கடிதத்தைப் பற்றி வரதர் ஒன்றும் கேட்கவில்லை. அவரே அனுபவஸ்தர். கருட சேவைக்கு ஊர் சுற்றுவார், சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணறு, மாட்டுப் பொங்கலுக்குப் பழையசீவரம் மலை. தாயார் வீட்டில்.

ராமானுஜர் நூற்றிருபது வருஷம் இருந்து, கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்ன மகான்; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஊருக்கே ரகசியத்தைச் சொன்னவர், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைக் கடிதாசி போட்டு ஒப்பேற்றிவிட்டார்.

ஜோடியாகச் சுற்றியவர்களே இந்த ஊரில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் காஞ்சித் தெருவில் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பேருக்கும் நிறை போதை. கள்ளுக்கடை அவன் கண்ணுக்கு யாகசாலையாகவே தெரிகிறது. கபாலத்தைத் தொலைத்துவிட்டு, கண்ணில் பட்ட புத்த பிக்குவைத் திருடன் என்கிறான். எடுத்துப்போனது ஒரு நாய். அந்த அமர்க்களம் முழுக்க அவள் அவன் பக்கத்திலேயே இருக்கிறாள். ராஜாவே எழுதிய நாடகம், ஆகவே யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

2019இல் அத்திவரதர் நாற்பது வருஷம் கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்து, நாற்பத்தெட்டு நாள் காட்சி கொடுத்தார். முதலில் படுத்தபடி, ஆகஸ்டிலிருந்து நின்றபடி. ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டார்கள். ஊரின் பழைய தொழில் திரும்பி வந்தது. பெரியப்பா மகன், சம்பந்தி வழிச் சித்தி, 1979இல் பார்த்த கையோடு காணாமல் போன மாமா, எல்லோரும் பையோடு வாசலில் நின்று சொன்னது ஒரே வாக்கியம்: "ஒரு ராத்திரிதான்." புருஷன்மார்கள் விருந்தாளிகளை வரிசையில் நிறுத்தி வைக்கக் கிளம்பிவிடுவார்கள். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்டு மாவு கரைத்து, மந்தாரை இலையில் கோயில் இட்லி அவித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தரிசனம் டிவியில் கிடைத்தது.

ஆனாலும் ஒரு புருஷனை நகரவிடாமல் பிடித்துவைக்கும் சாதனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். குழித்தறியில் அவர் உட்கார்ந்தால் பக்கவாட்டில் கரை நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். வெளியாளுக்குக் கூலி கொடுத்துக் கட்டாத வீடுகளில் அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் பெண்டாட்டி. ஒருத்தர் எழுந்து போனால் இன்னொருத்தருக்கும் வேலை நின்றுபோகும். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம், கோபித்துக்கொண்டு கிளம்ப முடியாது. வேகவதிக்குக் குறுக்கே படுத்த பெருமாளைவிட இந்தக் கரை நாடா பலமான அணை.

தை மாதத்தில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் ஆழ்வாரோடும் கணிகண்ணனோடும் ஓரிக்கைக்கு எழுந்தருளுவார். பழைய நினைவுக்காக ஒரு விஜயம். அதே மூன்று பேர். தெருவெல்லாம் கோலம், மேளம். தறிக்குழியிலிருந்து ஒருத்தர் மெல்ல வேட்டியை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்.

"பெருமாள் வந்துட்டாராம், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"அவரு வூட்ல சொல்லாம வந்தவரு. நீங்க இந்தக் கரைய முடிச்சுட்டுப் போங்க. அப்பிடியே அவரு கிளம்பறப்ப, வூட்ல சொல்லிட்டு வந்தீங்களான்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க."