வடகிழக்குப் பருவமழை அவர்களின் மேலான கவனத்துக்கு

பெறுநர்: உயர்திரு வடகிழக்குப் பருவமழை அவர்கள், வங்காள விரிகுடா.

பொருள்: மதுரை, காளவாசல் – மழை மற்றும் குளிர்காலத்துக்கு வீடுகளை ஆயத்தப்படுத்தியமை – நிலை அறிக்கை – தொடர்பாக.

மதுரையில் மழையும் குளிரும் ஐப்பசியில் ஒரே கோப்பாகத் திறக்கப்பட்டு, தை பிறக்கையில் ஒரே கோப்பாக மூடப்படுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கு பெய்வது ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். சென்னையின் ஒதுக்கீட்டில் சுமார் பாதி. இந்தப் பாதியும் சீரான தவணையில் வழங்கப்படுவதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று சுமார் 10 சென்டிமீட்டர் ஒரே நாளில் கொட்டியதில், செல்லூர்ப் பக்கத்து வீடுகளில் கட்டிலுக்கு அடிவரை நேரடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. அதுமுதல் காளவாசலிலும் ஆயத்தப் பணிகள் அசட்டையாக விடப்படுவதில்லை. விவரம் மொட்டைமாடியிலிருந்து கீழ்நோக்கித் தரப்படுகிறது.

மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பது இப்பகுதியின் பழைய முறை. சித்திரை வெயிலில் ஓடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சில ஆண்டுகளில் இடுக்குச் சாந்து உதிர்ந்துவிடும். அதை மீண்டும் பூசச் சரியான காலம் ஆவணி. ஆயினும் கொத்தனார் தேடப்படுவது புரட்டாசிக் கடைசியில்தான். எல்லா வீட்டிலும் அப்போதே தேடுவதால் அவர் கார்த்திகையில் வருகிறார். இடைக்காலத்தில் வீட்டுக்காரரே ஒரு சட்டி சிமெண்டைக் கரைத்து விரிசலில் ஊற்றிவிடுவார். மணல் கலக்காத சிமெண்டுப் பால் காயும்போதே சுருங்கும் என்பதால் பழைய விரிசலுக்கு அருகிலேயே புதிதாக ஒன்று கிடைக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று ஆண்டுதோறும் மேலாகக் கிள்ளப்படுகிறது. வேர் உள்ளே தடித்துக்கொண்டிருக்கிறது. வேரோடு பிடுங்கினால் பாவம் சேரும் என்றும், சுவர் சேர்ந்து வந்துவிடும் என்றும் இரு கருத்துகள் உண்டு. இரண்டாவது கருத்துக்கு வலு கூடிவருகிறது.

மாடித் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் வேப்பிலைச் சருகு, கொடிக் கிளிப்பு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பந்து ஆகியவை பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளன. அதற்குக் கீழே மழைநீர் சேகரிப்புக் குழாய். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது ஊரெங்கும் இந்தக் குழாய்கள் இறங்கின. பல வீடுகளில் அவை தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. சட்டம் குழாயைத்தான் கேட்டது, தொட்டியைக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. இப்போது அதன் வாயிலிருந்து விழும் நீர் அஸ்திவாரத்தின் ஓரத்தைக் குடைகிறது. ஒருவகையில் அதுவும் நிலத்துக்குள் இறங்கும் நீர்தான்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பொருத்தப்பட்டுள்ளது. மழை நாளில் அடிக்கடி விழுந்து தொல்லை தருவதால், மழைக்காலம் முடியும்வரை அது தனியே கழற்றி வைக்கப்பட்டுள்ளது.

அறிக்கையின் முக்கியப் பகுதி வாசற்படி. செய்திக்குறிப்புகளில் ஆண்டுதோறும் வரும் ‘போர்க்கால அடிப்படை’ என்ற சொற்றொடரின் பொருள் இங்கேதான் விளங்கும். போர் மழையோடு அல்ல. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே நடப்பது. முதலில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போகலாம். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடப்பட, ஒரு படி மறைகிறது. வீட்டுக்காரர் வாசலில் செங்கல் வைத்து ஒரு திண்டு கட்டுகிறார். அடுத்த தார் திண்டைத் தொடுகிறது. அவர் திண்டை உயர்த்துகிறார். இரு சக்கர வண்டி ஏற வேண்டுமே என்று தெருப்பக்கம் ஒரு சாய்தளமும் போடுகிறார். அது வாய்க்காலை மூடுகிறது. முடிவில் வீட்டுக்கு ஏறிப் போனவர்கள் இறங்கிப் போகிறார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. தெருக்கள் அதைப் படிக்கும் உயரத்தைத் தாண்டிவிட்டன.

வெளியே தேங்கும் நீரைவிட உள்ளே தேங்கும் நீரே டெங்குக் கொசுவுக்கு உகந்தது. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரைத் தேடி வரும். குடத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். காய்ந்தாலும் அம்முட்டை பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால் குடத்தைக் கவிழ்த்தால் போதாது, நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆய்வுக்கு வரும் பணியாளர் தொட்டியைப் பார்ப்பார், தேங்காய்ச் சிரட்டையைப் பார்ப்பார், பின் டார்ச் அடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை வெளியே இழுப்பார். பெட்டி வாங்கிய பின் முதன்முறையாக அப்படி ஒரு தட்டு இருப்பதைக் குடும்பமே நின்று பார்க்கும். உள்ளே விரற்கடை அளவு தெளிந்த நீர், அதில் நெளியும் புழுக்கள்.

குளிர்கால ஏற்பாடு எளிது. மார்கழி இரவில் இங்கு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஐரோப்பாவில் அறையைச் சூடேற்றி எட்டும் அளவு அது. காளவாசலில் அதற்குக் குரங்குக் குல்லாயும் கம்பளியும் எடுக்கப்படுகின்றன. கொசுவை முன்னிட்டு மின்விசிறி நிறுத்தப்படாது. விசிறி ஐந்தில் சுழல, போர்வை தலைவரை ஏறும்.

இறுதியாக, தங்குமிடம். முன்பு வருகை தரும் மழைநீருக்குக் கண்மாய்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. தல்லாகுளம் கண்மாய் தற்போது மாநகராட்சிக் கட்டடத்துக்கும், உலகனேரிக் கண்மாய் உயர் நீதிமன்றக் கிளைக்கும் வழங்கப்பட்டுவிட்டன. நாகமலைப் பக்கமிருந்து வரும் கிருதுமால் நதி சாக்கடைப் பணிக்கு மாற்றப்பட்டுள்ளது. காளவாசல் வட்டாரத்துக்கு எஞ்சியிருப்பது மாடக்குளம் கண்மாய். அது நிறைந்தால்தான் சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணறுகளில் கோடை வரை தண்ணீர் நிற்கும். எனவே வருகையை ரத்து செய்யக் கோரவில்லை; வரும் வழியில் படுக்கையறைகளைத் தவிர்த்து நேரே மாடக்குளம் செல்லுமாறு மட்டும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

காளவாசல் வட்டாரக் குடியிருப்புகளின் சார்பாக.

நகல்: தென்மேற்குப் பருவமழை அவர்கள், அரபிக்கடல் – இவ்வழியாகவும் எப்போதாவது வந்து போகுமாறு.