அப்பா இறங்கி வருகிறார்

மகளின் காதலைக் கேட்டு மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் இறங்கி வரும் அப்பாவைத் தோற்றுப்போனவர் என்று ஊர் முடிவுகட்டுகிறது. ஆங்கிலத்தில் இப்படி இறங்கி வருவதற்குக் ‘கபிட்சுலேட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. இன்று அதற்குப் பணிந்துபோவது என்றுதான் பொருள். ஆனால் தலைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்த அது, ஆரம்பத்தில் ஷரத்து ஷரத்தாக எழுதிப் பேரம் பேசுவதையே குறித்தது. நம் அப்பா அந்தப் பழைய பொருளில்தான் பணிகிறார். சம்மதம் அவர் வாயிலிருந்து வராது. “உங்கப்பா சரின்னுட்டாருடி” என்று அம்மாதான் வந்து சொல்ல வேண்டும். அவர் அந்நேரம் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னாலேயே ஷரத்துகள் இறங்கும்: கல்யாணம் நம் ஊரில், சமையல்காரர் அவர் சொல்கிற ஆள், பத்திரிகையில் பெரியப்பா பெயர் முதலில்.

வெறும் வீம்பு என்பவர்கள் 1781 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் யார்க்டவுனில் நடந்ததைப் பார்க்கட்டும். தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சரணடையும் சடங்குக்குத் தன் உதவித் தளபதி ஓஹாராவை அனுப்பிவைத்தார். (அங்கே தண்ணீர்த்தொட்டி இல்லை போலும்.) கொடியை விரித்துக்கொண்டு வெளியேறும் மரியாதையைக் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனால் 14 ஷரத்துகளில் ஒன்று, ‘பொனெட்டா’ என்ற கப்பல் சோதனையில்லாமல் நியூயார்க் போக வழிவிட்டது. அமெரிக்கர் கையில் சிக்கினால் என்ன ஆவோமோ என்று நடுங்கியவர்கள் பலர் அதில் ஏறித் தப்பினார்கள். அப்பாவின் ஷரத்தும் இந்த ஜாதிதான். பெயர் முதலில் அச்சான பிறகு, இத்தனை நாள் குதித்துக்கொண்டிருந்த பெரியப்பா கல்யாணத்துக்கு வராமல் எப்படி இருப்பார்?

இறங்கினால் மதிப்புப் போய்விடும் என்பார்கள். அதே கார்ன்வாலிஸ் 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி ராஜ்யத்தையும் இரண்டு மகன்களைப் பிணையாகவும் வாங்கினார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள அவர் சிலையின் பீடத்தில் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சிதான் செதுக்கப்பட்டிருக்கிறது, யார்க்டவுன் அல்ல.

முதல் நாளே சரி என்றால் என்ன என்று கேட்பது நியாயந்தான். அப்போது ஷரத்து போட அவர் கையில் என்ன இருக்கும்? முரண்டுதான் அவருடைய கைமுதல். அதைக் கொஞ்சங்கொஞ்சமாக விற்றுத்தான் மண்டபமும் சமையல்காரரும் வாங்குகிறார். போதாக்குறைக்கு, “அப்பனே பிடித்துக் கொடுத்துவிட்டான்” என்று உறவு பேசுவதற்கும் இடமில்லாமல் போகிறது. இதில் அவரைக் குறைசொல்ல ஒன்றே ஒன்று உண்டு. பேரன் பிறந்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்: “நான் அன்னைக்கே சரின்னுட்டேங்க, இவ அம்மாதான் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னா.”