இத்தாக்காவில் இறங்கிய பிறகு

கே: ஹோமரின் 'ஒடிசி' கடல் பயணக் கதைதானே?

ப: பாதிதான். மொத்தம் 24 காண்டங்கள். 13-ஆம் காண்டத்திலேயே ஒடிசியஸ் தன் சொந்தத் தீவான இத்தாக்காவில் வந்து இறங்கிவிடுகிறான். மிச்சமெல்லாம், பிச்சைக்கார வேடத்தில் தன் வீட்டுக்குள்ளேயே அவன் எப்படி நுழைகிறான் என்பதுதான். கடலைத் தாண்டியவனுக்கு வாசற்படியைத் தாண்டுவது பெரும்பாடாகிறது. ஹோமரின் மேதைமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கே: ட்ராய் போரிலிருந்து வீடு வர பத்து வருடமா?

ப: அலைந்ததைவிடத் தங்கியதுதான் அதிகம்! சூனியக்காரி சர்சியிடம் ஒரு வருடம், தேவமங்கை கலிப்ஸோவின் தீவில் ஏழு வருடம். என்னோடு இருந்தால் உனக்குச் சாவே இல்லை என்கிறாள் கலிப்ஸோ. என் மனைவி பெனிலோப்பி உன்னளவு அழகில்லை, அவள் சாகப் பிறந்தவள் என்று ஒடிசியஸும் ஒத்துக்கொள்கிறான். அப்படியும் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்கிறான். காதலை இதைவிட நேர்மையாகச் சொன்ன காவியநாயகன் எனக்குத் தெரிந்து இல்லை.

கே: ஒற்றைக்கண் அரக்கனையே ஏமாற்றியவனுக்கு ஏன் அத்தனை துன்பம்?

ப: தப்பிய பிறகு வாயைத் திறந்ததால். அரக்கனின் குகைக்குள் பெயரை மறைத்தவன், கப்பல் ஏறியதும் தன் பெயர், அப்பா பெயர், ஊர் என்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னான். அந்த அரக்கன் பாலிஃபீமஸுக்குச் சாபமிட விலாசம் கிடைத்துவிட்டது. அவனுடைய தந்தையோ கடல் தெய்வம் பொசைடன். 12 கப்பல்களோடு ட்ராயை விட்டுக் கிளம்பியவன், ஒரு துணையும் மிஞ்சாமல் அடுத்தவர் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தான்.

கே: ட்ராய் போரின் மரக்குதிரைக் கதை ஹோமரின் 'இலியட்'டில் எந்த இடத்தில் வருகிறது?

ப: எங்குமே வராது. 'இலியட்' ட்ராய் வீரன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரைக் கதையை 'ஒடிசி'யின் 8-ஆம் காண்டத்தில், அவனை ஊர் சேர்த்த ஃபியாசியர்களின் அரண்மனையில் ஒரு பாடகன் பாடுகிறான். கேட்கும் ஒடிசியஸ் உடைந்து அழுகிறான். அந்த அழுகைக்கு ஹோமர் சொல்லும் உவமையைப் பாருங்கள்: ஊரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவனைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள் ஒரு பெண், எதிரிகள் அவளை ஈட்டியால் குத்தி அடிமையாக இழுத்துப்போகிறார்கள். ட்ராய் நகரத்துப் பெண்களுக்கு அந்தக் கதியைக் கொடுத்ததே இவன்தான். வென்றவனின் கண்ணில் தோற்றவளின் கண்ணீரை வைத்த கவிஞனை எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடலாம்.

கே: பெனிலோப்பி செய்ததெல்லாம் காத்திருந்தது மட்டும்தானே?

ப: இல்லவே இல்லை! மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்ததும் மறுமணம் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரித்தே மூன்று வருடம் ஓட்டினாள். அவளை மணக்க வீட்டை மொய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைகள் 108 பேர். அவர்களைக் கொன்று தீர்த்துவிட்டு எதிரே வந்து நிற்பவனையும் அவள் உடனே நம்பவில்லை. "அவர் செய்த கட்டிலை எடுத்து வெளியே போடு" என்று வயதான தாதி யூரிகிளியாவிடம் சொல்கிறாள். அது நகராத கட்டில். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே ஒரு காலாகச் செதுக்கி, அதைச் சுற்றி அறையைக் கட்டியிருந்தான் ஒடிசியஸ். யார் அதை வெட்டியது என்று அவன் கொதித்துப் போகிறான். அந்தக் கோபம்தான் அவளுக்குச் சாட்சி. உலகத்தையே ஏமாற்றியவன் மனைவியிடம் மாட்டிக்கொண்டான்!

கே: நாய் வரும் காட்சி?

ப: 17-ஆம் காண்டம். குப்பைமேட்டில் கிடக்கும் ஆர்கஸ் எஜமானனின் குரலைக் கேட்டு வாலை ஆட்டுகிறது; பார்த்த மாத்திரத்தில் உயிரை விடுகிறது. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனால் அருகில் போகவும் முடியவில்லை, கண்ணீரை மறைத்துக்கொள்கிறான்.

கே: உங்களால் மன்னிக்க முடியாத இடம்?

ப: 22-ஆம் காண்டத்தின் கடைசிப் பகுதி. மாப்பிள்ளைகளோடு படுத்தார்கள் என்பதற்காகப் பணிப்பெண்கள் 12 பேரை ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸ் தூக்கிலிடுகிறான். அடிமைப் பெண்களுக்கு மறுக்கும் உரிமை எங்கே இருந்தது?

கே: புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்கலாம்?

ப: முதல் நான்கு காண்டங்களில் நாயகன் நேரில் வரமாட்டான், மகன்தான் அப்பாவைத் தேடி அலைவான். அதில் சலிப்பு தட்டினால் 9-ஆம் காண்டத்துக்குப் போங்கள். அரக்கன் அங்கே காத்திருக்கிறான். ஆனால் கப்பல் கரை சேர்ந்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.