மாப்பிள்ளைப் பலகைக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லையாம்

ஸ்காபரோ,
ஜனவரிக் கடைசி.

தங்கள் மரத்தளக் கம்பனியின் உத்தரவாதப் பிரிவில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பரிசோதகர் சப்பாத்தைக் கழற்றாமலே என் வரவேற்பறையில் 11 நிமிடம் நின்று எழுதிய அறிக்கை நேற்றுக் கிடைத்தது. “பலகையில் குறை இல்லை. வீட்டின் சூழல் இந்தப் பொருளுக்கு உகந்ததல்ல.” வீட்டுக்குத் தரை சரியில்லை என்று முறைப்பாடு செய்தவன் நான். தரைக்கு வீடு சரியில்லை என்று தீர்ப்பு வந்திருக்கிறது. தங்கள் ஞானத்துக்கு ஈடில்லை.

மாப்பிள்ளைக்குப் பொம்பிளை வீடு பிடிக்கவில்லை என்று தரகர் வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பலகைக்கும் அந்த உரிமை உண்டென்று இப்போதுதான் அறிகிறேன்.

முதல் நாளே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். போன ஆகஸ்டில் முக்கால் அங்குலத் தடிப்பில் சிவப்பு ஓக், 22 பெட்டி வந்து இறங்கியது. பலகை வீட்டோடு பழகவேண்டும் என்று தாங்கள் அச்சடித்திருந்தபடி, வரவேற்பறை நடுவில் கிடத்தினோம். ஐந்து நாள். மாப்பிள்ளைக்குப் புழுக்கம் ஆகாது என்று இரவு பகலாக ஏசி. ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் பேஸ்மென்டுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அவருக்கும் கீழேயிருக்கும் பிளைவுட்டுக்கும் ஈரப்பதம் நான்கு புள்ளிக்கு மேல் வித்தியாசப்படுகிறதா என்று ஈரமானியால் காலையும் மாலையும் நாடி பிடித்தேன். நானும் இந்த நாட்டுக்கு ஒரு ஜனவரியில்தான் வந்தேன். என்னை ஒருவரும் ஐந்து நாள் கிடத்திப் பழக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு தொழிற்சாலைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு கலியாணம். வேலை தெரிந்தவர்கள் சொன்ன கூலியைக் கேட்டதும், நானே பழகுவதென்று இறங்கினேன். முதல் வரிசை ஒரு நூல் பிசகினால் கடைசி வரிசை கோணிக்கொண்டு சுவரில் முட்டும். இதைப் படிக்க எனக்கு ஒரு நாளும் ஒன்பது பலகையும் செலவு. சுண்ணாம்பு நூல் அடித்து, சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டு (கோடையில் அவர் கொழுப்பாராம்), கீழே ஓடும் ஜொயிஸ்டுக்குக் குறுக்காக வைத்து, ஒன்றின் நாக்கை மற்றதன் தவாளிப்புக்குள் இறுக்கி, எட்டு அங்குலத்துக்கு ஓர் ஆணி. வாடகை நெய்லரின் தலையில் சுத்தியலால் ஓங்கிப் போடவேண்டும். பயந்து தட்டினால் ஆணி அரைகுறையாக நின்று அடுத்த பலகையை நெருங்கவிடாது. நான்கு வாரக் கடைசிகள் போயின. என் முழங்கால்கள் இன்னும் பழகவில்லை.

செப்டெம்பரில் தரை கண்ணாடி. இப்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே 25 சத நாணயத்தை நிமிர்த்தி நட்டால் விழாமல் நிற்கிறது.

தங்கள் உத்தரவாதப் பத்திரப்படி வீட்டின் ஈரப்பதம் வருசம் முழுக்க 30க்கும் 50க்கும் இடையில் இருக்கவேண்டும். பரிசோதகரின் கருவி காட்டியது 22. வெளியே மைனஸ் 20. அந்தக் காற்றை ஃபர்னஸ் 21 பாகைக்குச் சூடாக்கினால் அது கருவாடாகத்தானே காயும்? ஹியூமிடிஃபையரை 40க்கு ஏற்றிப் பார்த்தேன். யன்னல் எல்லாம் வியர்த்து வடிந்து, மூலையில் பூஞ்சணம் பிடித்தது. மாப்பிள்ளையைப் பார்த்தால் வீடு அழுகுகிறது. வீட்டைப் பார்த்தால் மாப்பிள்ளை முறுகிக்கொண்டு விலகுகிறார்.

கனடாவில் விற்கிற பலகைக்குக் கனடாவின் ஜனவரி தெரியாதா? வீடு காய்ந்துபோயிருக்கிறது என்று எழுதிய அதே மனிதர், குசினியை எட்டிப் பார்த்து, “நிறையச் சோறு கறி சமைப்பீர்களோ? அந்த ஆவி மரத்துக்குக் கூடாது” என்றார். காய்ந்ததும் எங்கள் குற்றம், நனைந்ததும் எங்கள் குற்றம். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டா. தன் வீட்டில் சோறு வடித்ததற்கு அவ ஏன் கூச வேண்டும்? யார் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்தது?

மன்னிக்கவும். எனக்குள் ஈரப்பதம் ஏறிவிட்டது. மறுபடி 30க்கும் 50க்கும் இடையில் வந்துவிட்டேன்.

பத்திரத்தில் நான் மிகவும் இரசித்தது 14ஆம் பிரிவு: ஆணி அடித்துவிட்டால் அந்தப் பலகையைக் குறைநிறைகளோடு ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தாலி ஏறியபின் மாப்பிள்ளையின் பல்லை எண்ணக்கூடாது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது தங்கள் சட்டப் பிரிவில் வேலை செய்கிறார்களோ?

எப்படியோ, கழிவுக்கென்று கூடுதலாக வாங்கிய இரண்டு பெட்டிகள் பேஸ்மென்டில் நாடா அறுக்காமல் கிடக்கின்றன. 14ஆம் பிரிவின்படி அந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் நான் இன்னும் ஏற்கவில்லை. ஆள் அனுப்பி அழைத்துப் போய், அதற்குரிய காசைத் திருப்பித் தரவும். வருகிறவர் சப்பாத்தை வாசலில் கழற்றவும்.

இப்படிக்கு,
தங்கள் பலகைக்கு உகந்திராத வீட்டின் சொந்தக்காரன்