நாற்பத்து நான்கு கிலோ நாய்க்குட்டி

டெங்கில் மாமாக் கடையில் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "இது சென்னை ப்ளேன்" என்று யாராவது சொன்னால், அவர் பக்கத்தில் உட்காராதீர்கள். கே.எல்.ஐ.ஏ.வுக்கு அருகிலேயே குடியிருப்பதால் எங்களுக்கு விமானச் சத்தம் கொசுச் சத்தம் மாதிரிதான், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிமிர்கிறவர் ஒரு ரகம். அவர் வெளிநாட்டிலிருந்து நாய்க்குட்டி வரவழைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு தாமானிலும் இப்படி ஓர் அண்ணன் உண்டு. கோனர் வீடு, வாசலில் இரும்புக் கேட், படித்து முடித்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட பிள்ளைகள். முதலில் மீன் தொட்டி வாங்குவார், பிறகு ஊதா ஆர்க்கிட். மூன்றாவது கட்டத்தில் நாய்.

நாய் என்றால் தெருவில் சும்மா கிடைப்பது ஆகாது. எங்கள் அண்ணனுக்கு ராஜபாளையம்தான் வேண்டும். ஏனென்றால் அவருடைய பாட்டன் "ராஜபாளையத்துப் பக்கம்". அந்தப் 'பக்கம்' விருதுநகரில் ஆரம்பித்துத் திருநெல்வேலிவரை நீளும். அண்ணன் அங்கே போனதில்லை. ஆனால் 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் முத்திரைகளில் ராஜபாளையமும் ஒன்று என்பது அவருக்குத் தெரியும். அந்த முத்திரையைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். பக்கத்தில் அப்பா படம், கொஞ்சம் சின்னது.

குட்டியை அவர் வீடியோவில் தேர்ந்தெடுத்தார். உடம்பு பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. அந்தப் பக்கத்து ஆள் "அண்ணாச்சி, காதுல கைதட்டிக் காட்டவா?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளை ராஜபாளையங்களில் சில செவிடாகவே பிறக்கும், அதற்கான சோதனை அது. அண்ணனுக்குக் காதைவிட 'அண்ணாச்சி'தான் பிடித்தது. அன்றிலிருந்து நாங்கள் 'அண்ணே' என்றால் அரை விநாடி கழித்துத்தான் திரும்புகிறார்.

பிறகு ஆரம்பித்தது பெர்மிட் படலம். தனிமைப்படுத்தலையும் சோதனையையும் அப்போது பார்த்துவந்த மாக்கிஸ், தடுப்பூசிப் புத்தகம், தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப், சென்னையில் கிளம்புமுன் அரசு விலங்கு மருத்துவரின் சான்று. பிட்புல், அக்கிதா முதலிய தடை இனங்களின் பட்டியலை அண்ணன் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார். கெடுபிடிக்குக் காரணமும் இருக்கிறது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது, 2017-இல் சரவாக்கில் ஆளையே கொன்றது. இந்தியாவிலிருந்து வரும் குட்டியை 'வாடா ராஜா' என்று கட்டிப்பிடித்து இறக்கிவிட முடியாது.

மூன்று மாதம் ஆகாமல் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட மாட்டார்கள். போட்ட பிறகும் சில வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் உள்ளங்கையில் அடங்கிய பஞ்சு உருண்டை, நாலு குச்சிக் காலும் ஒரு வாலுமாக வளர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும் பழைய வீடியோவையே எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் தடுமாறிய இடம் கூலிக் கணக்கு. குட்டி ஒன்பது கிலோ. ஆனால் விமானச் சரக்கில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். குட்டி நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டுமே. பெட்டி 80க்கு 55க்கு 60. வகுத்தால் 44 கிலோ.

"தம்பி, மிச்சம் முப்பத்தஞ்சு கிலோ என்னா?"

"காத்துண்ணே."

"காத்துக்கா காசு?"

அன்று அவருக்காக நான்தான் தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன்.

வருகிற நாளில் அண்ணன் பயணிகள் வெளியேறும் வாசலில் மாலையோடு போய் நின்றார். குட்டி சரக்குப் பகுதியில் இறங்கி, நேராகத் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் போய்விட்டது. குறைந்தது ஏழு நாள். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பும் வழியில் கோயிலில் போட்டுவிட்டு வந்தார்.

அந்த ஏழு நாளும் வீட்டில் பிரசவ ஆஸ்பத்திரிக் களை. அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். அவர் பாட்டனையும் நாகப்பட்டினம் முகாமில் வைத்து அம்மை குத்தி, உடம்பைத் தட்டிப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்களாம். இந்தக் கரையில் ஜெரெஜாக் தீவில் சில நாள் அடைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே பால்மரத் தோட்டத்துக்கு விட்டார்களாம். "எல்லாம் அதே சோதனைதான் தம்பி. தாத்தாவுக்குப் பெட்டி மட்டும் இவ்வளவு விசாலமா கிடைக்கல."

பாட்டன் பால் வெட்டிய பிராங் பெசார் தோட்டம் இன்று புத்ராஜெயா. தொண்ணூறுகளில் தோட்டம் போனபோது அண்ணன் குடும்பமும் மற்றவர்களோடு முதலில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குத்தான் வந்தது. லயத்தில் யார் வீட்டு நாய் என்று கேட்கிற வழக்கமே கிடையாது, பழைய சோறு வைத்தவர் வீட்டு நாய். லோரி ஏறிய அன்று எத்தனை நாய் பின்னால் ஓடிவந்தது என்பதை அண்ணன் எண்ணிக்கை சொல்லித்தான் பேசுவார். பேசிவிட்டு உடனே மைக்ரோசிப் பேச்சுக்குத் தாவிவிடுவார்.

குட்டி வீட்டுக்கு வந்தது. அண்ணனின் பேத்தி அதனிடம் "சிட்! சிட்!" என்று கத்திப் பார்த்தாள். அது நின்றபடியே அவளைப் பார்த்தது. கடைசியில் பாட்டி அடுப்படியிலிருந்து "உக்காரு சனியனே" என்றார். டக்கென்று உட்கார்ந்தது. தமிழ் வகுப்புக்கு அழைத்தால் காய்ச்சல் வரும் அந்தப் பிள்ளை இப்போது வா, போ, உக்காரு, கொல்றேன் பாரு, நான்கும் பிசகில்லாமல் பேசுகிறாள்.

டெங்கிலுக்கு இதெல்லாம் புதிதல்ல. எங்கள் பாயா இண்டா சதுப்புநிலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நீர்யானையே இருக்கிறது. ராஜபாளையம் எம்மாத்திரம்? ஆனால் நீர்யானைக்குக் காவல் வேலை கிடையாது. இதற்கு உண்டு, பார்ப்பதில்லை. ராத்திரி கேட்டுக்கு வெளியே குரைப்பது பேர் ஊர் தெரியாத பழுப்பு நாய் ஒன்று. வெள்ளையன் உள்ளே காற்றாடிக்கு நேராகப் படுத்து, காது ஒன்றை மட்டும் அசைத்து ஆமோதிக்கிறான்.

அண்ணன் ஓயவில்லை. இப்போது சிப்பிப்பாறை வேண்டுமாம். இரண்டு குட்டிகளாகச் சேர்த்து வரவழைத்தால் செலவில் பாதி மிச்சம், கூட்டுக்கு ஆள் தேடுகிறார். அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன், பக்கத்தில் உட்காராதீர்கள் என்று. எனக்கு இனிப் பிரயோசனமில்லை, போன வாரமே ஐந்நூறு வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். பெட்டிக்கு அளவும் எடுத்தாகிவிட்டது.