மந்திரவாதியின் தொலைபேசி எண்

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான் ஒட்டிக்கொள்ளும்; அங்கே பின்னால். யோனின் மகன் யோன்சன். ஆகவே தொலைபேசிப் பட்டியலை, இணையத்திலும்கூட, சொந்தப் பெயரில்தான் துழாவ வேண்டும். யோன் என்று தட்டினால் ரேஷன் கடை வரிசைபோல யோன்கள் நிற்பார்கள். சிலர் யோன்சன்கள்.

அடையாளம் தெரியட்டுமே என்று பக்கத்தில் தொழிலையும் போடுகிறார்கள். அதைச் சொல்வது அவரவர் இஷ்டம், சரிபார்க்க ஆளில்லை. மந்திரவாதி என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. குழாய் ஒழுகுகிறதென்று ப்ளம்பர் யோனைத் தேடுகிறவர் ஒரு வரி தள்ளிப் பார்த்தால் போச்சு. நாட்டுக் குறியீடு 354, அப்புறம் ஏழே இலக்கம். மறுமுனையில் எடுப்பவர், “குழாயா, பில்லி சூனியமா?” என்று கேட்காமலிருந்தால் சரி.