நாலுக்கைந்து மகான்கள்

கைத்தொலைபேசி வந்து, படம் எடுப்பதைச் சின்னப் பிள்ளைக்கும் இலேசாக்கிக் கெடுத்துவிட்டது. அதை மறுபடியும் கடினமாக்கித் தந்த புண்ணியவான்கள் நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிமில் இறங்கியிருக்கும் அன்பர்கள். அவர்களுடைய பொறுமையைப் பாட இந்தப் பக்கம் போதாது.

அவர்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை. முதலில் கமரா வரும். லென்ஸ் அடுத்த போனஸுக்கு. லென்ஸைப் பூட்டும் பலகை அளவு பிழைத்து வரும். அதுவும் ஒரு பயிற்சி. பிலிமுக்கோ லண்டனிலிருந்து வெள்ளவத்தைக்கு லீவில் வரும் மச்சான் இருக்கிறார். 25 தாள் கொண்ட இல்ஃபோர்ட் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை எக்ஸ்ரேக்குள் விடாதீர்கள்" என்று விமான நிலையம் தோறும் கெஞ்சி வருவது அவர் பாடு.

மருதானை மாடிவீட்டில் இருட்டறைக்கு எங்கே போவது? குளியலறை இருக்கிறதே. கதவிடுக்கில் துவாய் செருகி, கும்மிருட்டில் தாளின் மூலையிலுள்ள வெட்டைத் தடவிப் பார்த்து, அது வலது மேல்மூலைக்கு வந்தால் மருந்துப் பக்கம் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்து, ஒரு ஹோல்டருக்கு இரண்டே தாளாக நம் அன்பர் ஏற்றி முடிப்பார். அதுவரை வீட்டார் எல்லோரும் வாசலில் கால் மாற்றி நிற்பார்கள். அந்தப் பொறுமையும் அவர் கணக்கில்தான் சேரும்.

பிறகு டெக்னிக்கல் சந்தி. நடைபாதையை அடைத்து முக்காலி. கறுப்புத் துணிக்குள் தலை. தேய்த்த கண்ணாடியில் பஸ்கள் தலைகீழாக ஓடும். உலகத்தை நேராகப் பார்த்துச் சலித்தவருக்கு வேறென்ன வேண்டும்? மூட்டையோடு போகும் நாட்டாமி ஒருவரைப் பிடித்து, "அண்ணை, கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ" என்பார். குவியம் பார்த்து, வெளிச்சம் அளந்து, பெலோஸ் நீண்டதற்கு நேரம் கூட்டி, ஷட்டரை மூடி, ஹோல்டரைச் செருகுவார். செருகியதும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இனி நாட்டாமி அரை அங்குலம் அசைந்தாலும் குற்றம் நாட்டாமியுடையது. சுமை அவர் தலையில், நிதானம் இவர் முகத்தில்.

இந்தக் கலைக்கு நம் நாட்டில் உயர்ந்த பரம்பரையும் உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் ஊராரையும் தொழிலாளரையும் பெரிய கண்ணாடித் தட்டுகளில் படம் பிடித்தார். ஈரம் காயாத தட்டு, மந்தமான மருந்து. நின்றவர்கள் மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும். 1879இல் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத் தோட்டத்தில் இளைப்பாறுகிறார். அவர் பெயரை உலகம் அறியும். மூச்சைப் பிடித்தவர்களில் பெரும்பாலாரைப் பெயர் கேட்டுத் தொந்தரவு செய்யாத பெருந்தன்மை அந்தக் காலத்துக்கு இருந்தது.

பின்னால் வந்த படக்கலைஞர் லயனல் வென்ட்தான் பாவம். லைக்கா, ரோலிஃப்ளெக்ஸ் என்று சின்னக் கமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1944இல், நாற்பத்து நான்கு வயதிலேயே போய்விட்டார். முக்காலி விரித்து முகம் வியர்க்கும் பேறு அதிகம் வாய்க்காமல், வெறும் நல்ல படங்களோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

நம்மவருக்கு அந்தக் குறை இல்லை. சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிமைவிடச் சுமார் 15 மடங்கு பரப்பு! மூட்டையின் சணல் நார் நாராய் எண்ணலாம். அவ்வளவு நுணுக்கத்தையும் ஸ்கேன் செய்து, சுருக்கி, உள்ளங்கையளவு திரையில் ஏற்றுவார். பார்ப்பவர்கள் ஒரு நொடியில் இதயத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். படத்தின் கீழே கமராவின் பெயர், லென்ஸின் பெயர், பிலிமின் பெயர், கழுவிய மருந்தின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நாட்டாமியின் பெயரையும் போட்டால் பட்டியல் நீண்டுவிடும்.